ஓட்டுறவன் ஏன் இறக்கணும்?

2025 அக்டோபர் மழையில் குறுவை நெல்லு கொள்முதல் நிலைய வாசலிலேயே கிடந்து முளைவிட்டதே, அந்த நாட்களில் ஒரு வாத்தியார் என்னிடம் கேட்டார். நல்ல மனுசன். எங்க தெருப் பிள்ளைகளுக்குச் சாயந்திரம் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் குடுக்கிறவர். அவருக்கும் ரெண்டு ஏக்கர் குறுவை. "ஏன் தம்பி, லாரியெல்லாம் நாலு நாளா கிடங்கு வாசல்ல நிக்கிது. கேட்டா இறக்க ஆள் இல்லங்கிறான். ஓட்டிக்கிட்டு வந்தவனுக்குக் கை இல்லையா? அவனே இறக்கிப் போட்டா வண்டி திரும்பி வரும், எங்க நெல்லும் போவும்ல?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி அவருடையது இல்லை. நான் கிளீனராக வண்டி ஏறின 1988லிருந்து இதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மில்லுக்காரர் கேட்பார், ஏஜெண்டு கேட்பார், லாரி முதலாளி கேட்பார். இப்போது நெல் நனைந்தவரும் கேட்கிறார். ஒவ்வொருத்தரிடமும் வாயால் சொல்லி அலுத்துப்போச்சு. எழுதிவிடுகிறேன்.

விசயம் தெரியாதவர்களுக்கு நெல் போகிற வழியை முதலில் சொல்ல வேண்டும். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு வருகிற நெல்லை ஈரம் பார்ப்பார்கள். 17 சதவீதம்தான் விதி. மழைக்காலத்தில் டெல்லியைக் கெஞ்சித் தளர்வு வாங்கினால் உண்டு. பிறகு தூற்றி, சாக்கில் பிடித்து, 40 கிலோ எடை வைத்து, தைத்து, அட்டி போடுவார்கள். அட்டியிலிருந்து லாரிக்கு ஒரு தூக்கு. லாரியிலிருந்து பிள்ளையார்பட்டி, சன்னாபுரம், புனல்குளம் என்று ஏதாவது ஒரு கிடங்கில் இறக்க ஒரு தூக்கு. அங்கிருந்து மறுபடி லாரிக்கு ஒரு தூக்கு. தஞ்சாவூர் ஸ்டேசன் கூட்ஸ் செட்டில் வேகனுக்கு ஒரு தூக்கு. வேகன் போய்ச் சேர்ந்த ஊரில் இன்னும் ரெண்டு தூக்கு. 42 வேகனில் 2,000 டன் நெல் அனுப்பினோம் என்று பேப்பரில் படம் போடுகிறானே, அது 50,000 மூட்டை. கூட்ஸ் செட்டில் மட்டும் 50,000 தடவை எவனோ ஒருத்தன் தோள் குடுத்திருக்கிறான் என்று எந்தப் பேப்பரும் எழுதாது.

கொள்முதல் நிலையத்தில் தூக்குகிறவருக்கு ரொம்ப நாள் மூட்டைக்கு 3 ரூபாய் 25 காசுதான். கத்திக் கத்தி இப்போதுதான் சில வருசத்துக்கு முன்னால் 10 ரூபாய் ஆனது. தனியார் மில்லில் இறக்குக்கூலி வேற ரேட்டு. ஊருக்கு ஊர் பேச்சு. குறைச்சலாக மூட்டைக்கு 5 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 டன் லாரியில் 250 மூட்டை. 1,250 ரூபாய். 'ஓட்டுறவனே இறக்கட்டும்' என்று சொல்லுகிறபோது அந்த 1,250 ரூபாய் யார் பையில் நிற்கிறது? வாத்தியார் பையில் இல்லை. என் பையிலும் இல்லை.

எங்கப்பா பாபநாசம் பக்கம் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952லேயே வந்துவிட்டது என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்க சேரிக்கு அது நடந்து வந்துசேர இன்னும் இருபது வருசம் ஆச்சு. அறுத்த கட்டைக் களத்துக்குத் தூக்கி, அடிச்சு, தூத்தி, அளந்த நெல்லை மூட்டையாகப் பிடித்து ஆண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அவர் வேலை. வாசல் திண்ணை வரைக்கும் எங்கப்பா தோள். திண்ணையிலிருந்து உள்ளே இருக்கிற பத்தாயத்துக்கு வேற ஆள் தோள். அந்த இருபது அடிக்குத் தனி ஆள், தனிக் கூலி. களத்திலிருந்து ஒரு மைல் சுமந்து வந்ததுக்குக் கூலி கிடையாது, அது பண்ணை வேலையில் சேர்த்தி. "நெல்லு உள்ள போவும், நான் போவக்கூடாது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

பண்ணையை விட்டு வெளியே வந்து ரைஸ் மில்லில் சுமைக்குப் போனார். 100 கிலோ அரிசி மூட்டை. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆம்பிளை 55 கிலோவுக்கு மேல் கையால் சுமக்கக் கூடாது என்று பரிந்துரை செய்ததாம். அதை நான் தெரிந்துகொண்டபோது எங்கப்பா செத்துப் பல வருசம் ஆகியிருந்தது. ஐம்பது வயசிலேயே அவருக்குக் கழுத்து திரும்பாது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு ஆளும் திரும்பி நின்றுதான் பார்ப்பார். தெருப் பிள்ளைகள் அதைச் செய்து காட்டி விளையாடும். "மூட்டை வேணாம்டா தம்பி, நீ ஸ்டேரிங்கு புடி" என்று ரெண்டு ஆட்டை விற்று எனக்கு லைசென்ஸ் எடுக்கப் பணம் குடுத்தார்.

இதைச் சொல்வதால் மூட்டை தூக்குகிறது கேவலம் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் இயக்கத்துத் தம்பிகள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். 'படிச்சு மேல வந்துட்டோம், இனிமே சுமக்க மாட்டோம்' என்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. எங்கப்பன் தூக்கின மூட்டையில்தான் நாங்கள் அஞ்சு பேரும் வளர்ந்தோம். கூலி இல்லாமல் தூக்கச் சொல்லுகிறானே, அதுதான் கேவலம்.

இதற்கு நம்ம ஊரில் பழைய பேர் ஒன்று உண்டு. வெட்டி. கூலி குடுக்காமல் வாங்குகிற வேலைக்கு வெட்டி வேலை என்று பேர். இன்றைக்கு வேலை பார்க்காமல் திண்ணையில் கிடக்கிறவனை 'வெட்டிப்பய' என்கிறோம். சுமந்தவன் பேரைக் கொண்டுபோய் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வைத்துவிட்டோம். மகாராஷ்டிரத்தில் மகர்களைப் பரம்பரை வதன் என்று சொல்லி ஊர் வேலை, சர்க்கார் வேலை எல்லாவற்றையும் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது, அதை ஒழிக்க 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். அவர் எழுதுவித்த அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு கூலியில்லாக் கட்டாய வேலையைத் தடை செய்கிறது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலை வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே குடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய வேலைதான் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. துப்பாக்கி வைத்து மிரட்ட வேண்டியதில்லை. பசியே மிரட்டல். லாரிக்காரனுக்கு, வண்டி நிற்கிறதே மிரட்டல். வாடகை போகும், அடுத்த லோடு போகும், பேட்டா போகும். 'இறக்கினா இப்பவே கெளம்பலாம், இல்லன்னா கெட' என்று மில்லுக்காரன் சொல்லுகிறபோது கழுத்தில் கத்தி இருக்கிற மாதிரிதான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நியாயம் பேசுகிறவன் யோக்கியதை தெரிய வேண்டுமில்லையா.

1996 மாசி. சம்பா அறுப்பு நேரம். கும்பகோணம் பக்கம் ஒரு மில்லுக்கு நெல் லோடு. வாசலில் எனக்கு முன்னால் இன்னொரு லாரி நிற்கிறது. மில்லுக்குள்ளே வேப்பமரத்தடியில் சுமைக்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூட்டைக்குக் கால் ரூபாய் கூட்டிக் கேட்டு அன்றைக்குக் காலையிலிருந்து தூக்கவில்லை. மேனேஜர் வந்தார். முன் லாரி டிரைவரிடம் போய், "என்ன மாப்ளே, சாப்டியா, சித்த பொறுத்துக்க" என்றார். என்னிடம் வந்தார். "எந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" சொன்னேன். உடனே, "அப்ப என்னடா, நீயும் பொடியனுமா இறக்கிருங்க. நூறு ரூவா தர்றேன்" என்றார்.

முன்னால் நின்ற வண்டியை விட்டுவிட்டு என்னிடம் ஏன் வந்தார்? ரெண்டு வண்டியிலும் அதே நெல்லு. அவனுக்கும் ரெண்டு தோள், எனக்கும் ரெண்டு தோள். ஒரு தெருப் பேர்தான் வித்தியாசம். 'ஓட்டுறவனே இறக்கணும்' என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எல்லா ஓட்டுறவனையும் கேட்கிறதில்லை.

நான் இறக்கினேன். வீட்டில் மூத்த பெண்ணுக்குக் காய்ச்சல்; கையில் காசில்லை. நானும் பதினைந்து வயசுக் கிளீனர் பையனுமாக இருநூற்றுச் சொச்சம் மூட்டையை இறக்கி அட்டி போட்டோம். ராத்திரி ஒரு மணி ஆச்சு. முதல் பத்து மூட்டையிலேயே தோள் சிராய்த்துவிட்டது. மரத்தடியில் இருந்தவர்களில் ஒருத்தர் எழுந்து வந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். எங்கம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. அடிப்பார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து என் தோளில் வைத்து, "சும்மா தூக்குனா தோல் உரிஞ்சி போவும்டா மாப்ள" என்றார். போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அவர்கள் பழைய கூலிக்கே வேலைக்கு இறங்கினார்கள். மேனேஜர் சொன்னது நூறு, குடுத்தது அறுபது. திரும்பி வரும்போது ஸ்டேரிங்கிலேயே கண் சொருகி, வண்டி ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் மதகில் முட்டி நின்றது. கிளீனர் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. வண்டிச் செலவை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். கணக்குப் பார்த்தால் அந்த அறுபது ரூபாய்க்கு நான் குடுத்த விலை அது. மாமாவும் மற்ற ஏழு பேரும் குடுத்த விலை அதைவிடப் பெரிசு.

நம்ம ஜில்லாவில் இது புதிசில்லை. 1960களில் கீழத்தஞ்சையில் கூலி கூட்டிக் கேட்டால் மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? வெளியாளை இறக்கினார்கள். பக்கத்து ஊர் ஏழையைக் கூட்டிவந்து இந்த ஊர் ஏழையின் அறுப்பை அறுக்கவைத்தார்கள். உள்ளூர் ஆளுக்கு வேலை குடு, அரைப்படி நெல் கூடக் குடு என்று கேட்ட சண்டைதான் 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்துகிற வரைக்கும் போனது. வருசா வருசம் போய் மாலை போடுகிறோம். மில் வாசலில் நான் யாராக இருந்தேன்? வெளியாளாக இருந்தேன். என்னை வெளியாளாக்க அந்த மேனேஜர் வேற ஊருக்கு ஆள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சக டிரைவர்கள் சொல்லுகிற மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. "அண்ணே, சுமைக்காரன் மட்டும் யோக்கியனா? டிரைவர்ட்ட மாமூல் கேக்குறான். குடுக்கலன்னா மூட்டையத் தொடமாட்டேங்கிறான்." உண்மை. நானும் குடுத்திருக்கேன். விவசாயியிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிற கதையும் ஊர் அறிஞ்சது. அந்தப் பணம் சுமைக்காரன் கையில் நிற்கிறதில்லை, மேலே ஏணி வைத்து ஏறுகிறது. ஆனால் வசவு முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு. கூலியைச் சரக்குக்காரன் முறையாகக் குடுக்காத இடத்தில்தான் மாமூல் முளைக்கிறது. 3 ரூபாய் 25 காசுக்கு 40 கிலோவைத் தூக்கச் சொல்லிவிட்டு, அவன் டிரைவர் பையைத் தடவுகிறான் என்று ஆச்சரியப்பட்டால் எப்படி? தடவுகிறது தப்புதான். அவனும் நானும் ஒருத்தன் பையை ஒருத்தன் தடவிக்கொண்டிருக்கிற வரைக்கும் சரக்குக்காரன் நிம்மதியாக இருப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உடனே கேரளத்தைக் காட்டுவார்கள். அங்கே நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் தானே சாமானை இறக்கிக்கொண்டாலும், பார்த்துக்கொண்டு நின்ற சுமைத் தொழிலாளிக்குக் காசு. 2018 மே 1லிருந்து அதை அரசு ஒழித்தது. சரி, ஒழிக்கட்டும். ஆனால் அதே கேரளத்தில் 1978லேயே சுமைத் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டார்கள். மகாராஷ்டிரம் 1969இல் போட்டது. தமிழ்நாட்டிலும் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதையெல்லாம் சொல்லாமல் நோக்குகூலியை மட்டும் சொல்வார்கள். எனக்கென்னவோ, 250 மூட்டையை டிரைவர் தலையில் கட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து 1,250 ரூபாயை மிச்சம் பிடிக்கிறவர் வாங்குவதுதான் நிஜமான நோக்குகூலி.

சட்டம் படித்த ஒரு லாரி முதலாளி என்னை மடக்கப் பார்த்தார். 1961ஆம் வருச மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில், ஏற்றுகிறது இறக்குகிறது சம்பந்தமான வேலை பார்க்கிறவனும் மோட்டார் தொழிலாளி என்று இருக்கிறதாம், ஆகவே நான் இறக்கணுமாம். சட்டத்தை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை பார்க்கிறவனுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதற்காக எழுதினதை, ஓட்டுறவன் எல்லாம் சுமக்கணும் என்று படிக்கிறார். அதே சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் சொன்னது. அந்தப் பக்கத்தை அவர் புரட்டினதாகத் தெரியவில்லை. 2025 நவம்பர் 21லிருந்து அந்தச் சட்டமே புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அதில் எங்களுக்கு என்ன மிச்சம் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலேயே 1980இல் சட்டம் போட்டிருக்கிறார்கள்: சரக்கு அனுப்புகிறவனோ வாங்குகிறவனோ இறக்க ஆள் வேணும் என்றால் அவன்தான் ஆள் தரணும், இல்லை காசு தரணும், டிரைவரை நெருக்கக் கூடாது. முதலாளிகளின் தேசம் என்கிறோம். அங்கேயும் இந்தச் சண்டை நடந்துதான் இருக்கிறது. நம்ம நாட்டு லாரி சங்கங்களும் 'யார் சரக்கோ அவர் கூலி' என்றுதான் கேட்கின்றன. முதலாளி சங்கம் கேட்கிறது என்பதால் அது தப்பாகிவிடாது. ஆனால் சரக்குக்காரனிடம் பேசும்போது அந்த நியாயம் பேசுகிற அதே லாரி முதலாளி, என்னிடம் போனில் "டேய், எறக்கிட்டு வந்துர்றா" என்பான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் லோடு ஏற்றின சில நிலையங்களில் சுமை தூக்குகிற செட்டு முழுக்க ஊர்த்தெரு ஆளுங்க. சேரி ஆள் ஒருத்தன் உள்ளே நுழைய முடியாது. யார் கட்சி, யார் சிபாரிசு என்று இடம் பிடித்து வைத்திருப்பார்கள். கட்டாயமாக் கூலி வருகிற தூக்கு என்றால் அதற்குக் கதவு இருக்கிறது, காவல் இருக்கிறது. கூலி வராத தூக்கு என்றால் நம்மைத் தேடிக்கொண்டு லாரிக்கே வருகிறார்கள். திண்ணைக்கு இந்தப் பக்கம் எங்கப்பா, அந்தப் பக்கம் வேற ஆள் என்று இருந்ததே, அது இன்னும் இருக்கிறது. திண்ணைக்குப் பதிலாக இப்போது லாரியின் பின்கதவு. அந்த செட்டில் நம்ம ஆளுக்கும் இடம் வேணும் என்று கேட்கிறதை விட்டுவிட்டு, சும்மா இறக்கிக் குடுத்து நல்ல பேர் வாங்குகிறதில் எனக்குச் சம்மதமில்லை.

2024 மாசியில் திருவாரூர் பக்கம் ஒரு மில். குடுத்த சீட்டில் 'இறக்குக்கூலி: வண்டி' என்று அச்சடித்திருந்தது. பேனா வாங்கி 'வண்டி'யை அடித்து 'சரக்கு' என்று எழுதினேன். கிளார்க் அதை அடித்து மறுபடி 'வண்டி' என்று எழுதினார். வண்டியை ஓரங்கட்டி அடுப்பை இறக்கிவிட்டேன். ரெண்டு ராத்திரி. எனக்குப் பின்னால் ஒரு லாரி. சின்னப் பையன் டிரைவர். முதல் நாள் ஆரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். ரெண்டாம் நாள் இறங்கி வந்தான். "நான் வேணா உங்க லோடையும் சேத்து இறக்கிர்றேண்ணே, எனக்கு அவசரம்" என்றான். அவன் ஊர், தெரு எதையும் நான் கேட்கவில்லை. மாமா கதையைத்தான் சொன்னேன். அவன் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வண்டிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். இறக்கவில்லை.

மூணாம் நாள் காலையில் ஆறு பேரை மில்லே கூட்டிவந்தது. மூட்டைக்கு 6 ரூபாய் பேச்சு. முடிந்ததும் அவர்களில் ஒருத்தர் என்னிடம், "டிரைவரே, டீ செலவுக்கு" என்று தலையைச் சொறிந்தார். குடுக்கவில்லை. முனகிக்கொண்டே போனார்.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது நியாயந்தான் தம்பி. ஆனா எந் நெல்லு முளைச்சிப்போச்சே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லாமலில்லை. ஆள் போடாதவனையும் லாரி அனுப்பாதவனையும் கிடங்கு கட்டாதவனையும் கேட்க வேண்டிய கேள்வி அது. கலெக்டருக்கு மனு எழுதப்போவதாகச் சொன்னார். அதில், எல்லாக் கிடங்கிலும் இறக்க ஆள் போடு, கூலியைச் சரக்குக்காரனே குடு, அந்த ஆளில் சேரிக்காரனையும் சேர் என்று மூணு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். முதல் ரெண்டு வரியை எழுதிக்கொண்டார். மூணாவது வரிக்கு வந்ததும், "இது இப்ப வேணுமா தம்பி?" என்றார்.